டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே, உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் இடையில், அனுமந்தன்பட்டி என்னும் எம்மூர் அமைந்துளது. மேல்கடல் நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெரியாற்று நீரைப் பென்னிகுயிக் துரையவர்கள் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, 1895ஆம் ஆண்டில் கீழ்த்திசைக்குத் திருப்பினார். அவர் நீரைப் புதிதாகப் படைத்தாரல்லர்; உள்ள நீர் செல்லும் திசையை மாற்றினார். அதனால் எம் பள்ளத்தாக்கு வயலும் தோப்புமாய்ப் பொலிவுற்றது. ஆயினும் எம்மூர் உழவர் மற்றொன்றும் அறிவர். அணையில் நீர் நிறைந்து நிற்றல் மட்டும் போதாது. அது கடைமடை வரை சென்று பாய்ந்தாலன்றிப் பாசனம் முற்றுப்பெறாது. கல்வியும் அத்தகையதே. கலாசாலைகளில் நிறைந்துள்ள அறிவு கடைமடையில் வாழ்வாரிடம் சென்று சேர்வது எங்ஙனம்? அதனைக் கொண்டு செல்வோர் யாவர்? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்நாளையே விடையாக அளித்த பெருமாட்டியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஐடா ஸோபியா ஸ்கடர் அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னை நாட்டிலும் வைத்தியத் தொண்டு புரிந்தவர். தந்தையாரும் வைத்தியரே. இத்தகைய குடியிற் பிறந்தமையின், அம்மையார் இளமையிலேயே தொண்டில் நாட்டங்கொண்டிருப்பார் என்று நாம் எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய காலத்தில் அவர் ஆறேழு வயதுச் சிறுமி. பசித்து வந்த பிள்ளைகளுக்கு அப்பம் பிட்டுக் கொடுத்த அச்சிறு கைகள், அந்நாட்களின் துயரத்தை மறக்கவே விரும்பின. அமெரிக்கா சென்று நார்த்பீல்டு பெண்கள் பள்ளியிற் பயின்ற காலத்தில், அந்நாட்டிலேயே இனிது வாழ்தல் வேண்டும், இந்தியாவிற்கு மீள்வதில்லை என்பதே அவருடைய துணிபாக இருந்தது.

1890ஆம் ஆண்டில் அன்னையார் நோயுற்றமையின், உடனிருந்து பேணும் பொருட்டு அவர் திண்டிவனம் வந்தார். சிறிது காலம் தங்கித் திரும்புவதே எண்ணம். அங்கே ஓர் இரவில் நிகழ்ந்தவை அவர் வாழ்வின் போக்கை மாற்றின. பிராமணர் ஒருவர் வந்து, தம் இளம் மனைவி பிள்ளைப்பேற்றில் துன்புறுவதாகவும், உடனே வந்து உதவ வேண்டுமெனவும் அவரை இரந்தார். தமக்கு வைத்தியம் தெரியாதென்றும், வைத்தியராகிய தம் தந்தையாரை அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் மனையாளைப் பார்த்தல் தகாது என்று கூறி அவர் திரும்பினார். சற்றுப் பின்னர் முஸ்லிம் ஒருவர் வந்தார். வேண்டுகோளும் அதுவே, மறுப்பும் அதுவே. மூன்றாமவராக வேறொரு குலத்து இந்து ஒருவரும் வந்து அவ்வாறே மீண்டார். பொழுது புலர்ந்தபின் விசாரித்தறிந்த செய்தி, மூன்று பெண்களும் இறந்தனர் என்பது.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பெரும்பாலும் இரக்கம் ஒன்றையே எடுத்துரைப்பர். யாம் மற்றொன்றையும் காண்கிறோம். அவ்விரவில் திண்டிவனத்தில் வைத்திய அறிவு இல்லாமற் போகவில்லை. கற்றுத் தேர்ந்த வைத்தியர் ஒருவர் அவ்வீட்டிலேயே இருந்தார்; வருவதற்கும் அவர் ஒருப்பட்டிருந்தார். ஆயினும் அவ்வறிவு மூன்று வீடுகளின் வாயிலைக் கடக்க இயலவில்லை. கற்றவர் அனைவரும் ஆடவராயிருந்தமையே அதற்குத் தடையாயிற்று. அந்தணரும் முஸ்லிமும் பிற குலத்தாரும் பலவற்றில் வேறுபட்டவர். இந்த ஒன்றில் மூவரும் ஒத்திருந்தனர். கலாசாலைக்குள் யார் புகுகின்றனர் என்னும் வினா, ஊருக்குள் யார் பிழைக்கின்றனர் என்னும் வினாவோடு பிணைந்தது என்பதை அவ்விளம்பெண் அன்று உணர்ந்தார்.

பெண்கள் வைத்தியம் கற்றல் அக்காலத்தில் முற்றும் புதியதன்று. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரி 1850ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அக்கல்லூரியிற் பயின்ற மராட்டியப் பெண்மணி ஆனந்திபாய் ஜோஷி 1886ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியும் 1875ஆம் ஆண்டிலேயே பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டது. எனினும் அவர் தொகை மிகச் சிறிது. திண்டிவனம் போன்ற ஊர்களுக்கு ஒருவரும் எட்டவில்லை. ஐடா அமெரிக்கா திரும்பி, 1895ஆம் ஆண்டில் முற்கூறிய பெண்கள் கல்லூரியிற் சேர்ந்தார். 1898ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்தில் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆடவரோடு பெண்டிரையும் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. அவர் அங்கு மாறிச் சென்று, 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். ஒரு கல்லூரி தன் வாயிலைத் திறந்தமையின் பயனை அவர் தம் வாழ்விலேயே கண்டார்.

மனைவியை இழந்த ஷெல் என்னும் செல்வர் ஒருவர், அவ்வம்மையார் நினைவாக 10,000 டாலர் அளித்தார். அப்பொருளோடு 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாக்டர் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். அநுபவம் முதிர்ந்த துணையை இழந்த இளம்பெண், வீட்டின் சிற்றறை ஒன்றில் மருந்து கொடுக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் வந்தவர் அரியர். நாளடைவில் நம்பிக்கை வளர்ந்தது. ஈராண்டில் ஏறத்தாழ 5,000 பேர் மருந்து பெற்றுச் சென்றனர். வீட்டில் அடுக்களை வேலை செய்துவந்த சலோமி என்னும் பெண்ணையே உதவியாளராகப் பழக்கிக்கொண்டார். 1902ஆம் ஆண்டில் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது.

மருத்துவமனையைக் கட்டிவிட்டு அதனுள் அமர்ந்திருப்பாரல்லர் அம்மையார். வர இயலாதாரை நாடித் தாமே சென்றார். முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் புறப்படுவார். மரநிழல்களே அவருக்கு மருந்துச் சாலைகள். புண்ணுற்றோரும், கண்ணோயுற்றோரும், தொழுநோயால் ஊராரால் விலக்கப்பட்டோரும் அங்கே காத்திருப்பர். இவ்வாறு உழைத்தும் ஓர் உண்மை அவரை வருத்தியது. தாம் ஒருவர், ஊர்களோ ஆயிரக்கணக்கின. தம் இரு கைகள் எத்துணை விரைந்து இயங்கினும், திண்டிவனத்து இரவு நாட்டின் எங்கோ ஒரு மூலையில் நாள்தோறும் நிகழ்ந்துகொண்டே இருக்கும். ஆகவே வைத்தியம் செய்தலினும் வைத்தியரை ஆக்குதலே தலையாய பணி என்று தெளிந்தார். 1909ஆம் ஆண்டில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. பிறர் உடலைத் தொட்டுத் துடைத்தல் இழிதொழில் எனக் கருதப்பட்ட நாளில், அதனைக் கற்றுத் தேறவேண்டிய கலையாக அப்பள்ளி உயர்த்தியது.

அடுத்த எண்ணம் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி நிறுவுதல். வடநாட்டில் லூதியானாவில் எடித் பிரௌன் அம்மையார் 1894ஆம் ஆண்டிலேயே இத்தகைய பள்ளியைத் தொடங்கியிருந்தார். தென்னாட்டில் மிஷன்கள் சார்பில் அங்ஙனம் ஒன்று இல்லை. சென்னை மாகாணத்து மருத்துவத் துறைத் தலைவரை ஐடா அம்மையார் அணுகியபோது, அவர் முறுவலித்தார். மாணவியர் மூவர் கிடைத்தலும் அரிது எனக் கருதிய அவர், அறுவர் கிடைப்பின் தொடங்கலாம் என்று இசைவு தந்தார். வந்த விண்ணப்பங்களோ பன்மடங்கு. பலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பெண்கள் கற்க விரும்பவில்லை என்று உலகம் எண்ணிக்கொண்டிருந்தது. அவர்கள் தட்டுவதற்கு ஒரு கதவே இல்லாதிருந்தமையே உண்மை என்பது அன்று வெளிப்பட்டது. பல மிஷன்களின் கூட்டுறவால் 1918ஆம் ஆண்டில் அப்பள்ளியைச் சென்னைக் கவர்னர் பென்ட்லண்டு பிரபு திறந்துவைத்தார். சொந்தக் கட்டடம் இல்லை. கருவிகளும் நூல்களும் மிகச் சில. ஆசிரியர் தொகையும் அவ்வாறே.

வெவ்வேறு சூழலினின்று வந்தோரை ஒருங்கே சேர்த்தால் தகுதி தாழ்ந்துவிடும் என்று அஞ்சுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவ்வச்சத்திற்கு விடை சில ஆண்டுகளிலேயே கிடைத்தது. மாகாணம் முழுமைக்கும் பொதுவான அரசாங்கத் தேர்வுக்கு, ஆடவர் பள்ளி மாணாக்கரோடு வேலூர் மாணவியர் பதினால்வரும் சென்றனர். ஆடவருட் பெரும்பாலோர் தவறிய அத்தேர்வில் இப்பதினால்வரும் தேறினர். பரிசுகளோ விருந்துகளோ இவர்க்குக் கூடுதல் மதிப்பெண் தந்தில. தேர்வுத்தாள் யாவர்க்கும் ஒன்றே. வாயில் அகலத் திறக்கப்பட்டதால் தகுதி குறையவில்லை. இதுகாறும் வெளியே நின்ற தகுதி உள்ளே வந்தது என்பதே யாம் இதனின்று கொள்ளும் பாடம்.

எனினும் வாயிலைத் திறத்தல் பாதி வேலையே. ஏழைக் குடியிற் பிறந்தோர் கற்றபின் ஏழையரை நினைவர் என்பதற்கு உறுதி யாது? சிற்றூரிற் பிறந்தோர் சிற்றூருக்கு மீள்வர் என்பதற்குத்தான் உறுதி யாது? பட்டம் பெற்றபின் பிறந்த ஊரின் பெயரைச் சொல்லவும் நாணுவோரை நாம் கண்டிலமா? அம்மையார் இதனை நன்கு அறிந்திருந்தார். தாமே ஒருகாலத்தில் இந்நாட்டுத் துயரை விட்டு ஓட விரும்பியவரன்றோ? ஆதலின் பிறப்பை நம்பி வாளா இருந்தாரல்லர், பயிற்சியை நம்பினார். மாணவியரைத் தம்மோடு சாலையோர மருந்துச் சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். நூலிற் கற்ற நோயை மரத்தடியில் மனிதராகக் கண்டனர் மாணவியர். எவ்வூரில் நீர் கெட்டுள்ளது, எவ்வீட்டில் உணவில்லை, எக்காரணத்தால் மருந்து உண்ணாமல் வைக்கப்பட்டது என்பனவெல்லாம் அங்கே பாடமாயின. இம்மரபு பிற்காலத்திலும் தொடர்ந்தது. திருச்சபைகளின் சார்பில் சேர்க்கப்படும் மாணாக்கர், பட்டம் பெற்றபின் தேவையுள்ள இடத்து மருத்துவமனையில் ஈராண்டு பணிபுரிய உடன்படும் முறை அக்கல்லூரியில் நிலைபெற்றது. கே. வி. குப்பத்தில் 1977ஆம் ஆண்டில் கிராம சுகாதார நிலையம் ஒன்றும் அக்கல்லூரியின் கிளையாகத் தோன்றியது.

அம்மையாரின் பெருஞ்சோதனை முதுமையில் வந்தது. 1930ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், வைத்தியக் கல்வி இனிப் பல்கலைக்கழகப் பட்டமாகவே இருத்தல் வேண்டும் எனச் சென்னை அரசாங்கம் முடிவு செய்தது. வேலூர்ப் பள்ளி அளித்து வந்ததோ அதனினும் தாழ்ந்த சான்று. படுக்கைகள் பெருகவேண்டும், உயர்பட்டம் பெற்ற ஆசிரியர் பலர் வரவேண்டும், சோதனைச் சாலைகள் எழவேண்டும், அன்றேல் மூடவேண்டும். அப்போது அம்மையாருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. உலகப் போர் மூண்டிருந்த காலத்தில் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். 1942ஆம் ஆண்டில் பட்டப்படிப்பு தொடங்க இசைவு கிடைத்தது.

பொருள் முட்டுப்பாட்டினும் கொடிது ஒன்று இருந்தது. பல மிஷன்கள் ஒன்றுகூடி ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் பொதுவான ஒரே கல்லூரியை ஆதரிக்க முன்வந்தன. அங்ஙனமாயின் வேலூர் தன் வாயிலை ஆடவர்க்கும் திறத்தல் வேண்டும். முப்பது ஆண்டுகளாக வேலூருக்குப் பொருள் திரட்டித் தந்த அமெரிக்கப் பெண்மணிகள் சிலர் இதனை எதிர்த்தனர். பெண்களுக்கென்று பெண்கள் தந்த காசால் எழுந்த இடம் இது. ஆடவர் புகுந்தால் மகளிர் மூலைக்கு ஒதுக்கப்படுவர் என்பது அவர் அச்சம். அவ்வச்சம் அடிப்படையற்றதன்று. ஆடவர்க்கு வேறு கல்லூரிகள் இருந்தன. பெண்டிர்க்கோ மிகச் சில. அம்மையார் நெடுநாள் மனம் நொந்தார். பழைய நண்பர் இவரைக் கொள்கை துறந்தவராகக் கருதினர். ஆயினும், கல்லூரி மூடப்பெறின் பெண்களுக்கும் இடமின்றிப் போம் என்பதையும், வறியோர்க்கு ஊழியஞ்செய்யும் ஆடவரும் நாட்டிற்கு வேண்டும் என்பதையும் சீர்தூக்கி, இணைப்பிற்கு இசைந்தார். 1947ஆம் ஆண்டில் ஆண் மாணாக்கர் வேலூர்க் கல்லூரியிற் புகுந்தனர். தாம் கட்டிய வேலியைத் தாமே தளர்த்துதல், வேலி கட்டுதலினும் அரிய செயல் என்று யாம் கருதுகிறோம். ஒருகாலத்தில் காப்பாக இருந்த வேலி எப்போது தடையாகிறது என்பதை அறிதற்குக் கூரிய அறிவு வேண்டும். அறிந்தபின் அகற்றுதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அஞ்சியவாறு பெண்கள் மூலைக்கு ஒதுங்கினரா? அம்மையாருக்குப் பின் அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றவருள் விசாகப்பட்டினத்திற் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் ஒருவர். அப்பொறுப்பை வகித்த முதல் இந்தியர் அவரே. வேலூரிற் பயின்ற மலையாள நாட்டுப் பெண்மணி டாக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டில் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இரு கால்களும் செயலற்றுப் போனார். நிற்க இயலாதவர் அறுவை வைத்தியம் செய்தல் எங்ஙனம் என்று கல்லூரி அவரைத் தள்ளிவிடவில்லை. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். அமெரிக்காவிற் சென்று மேற்பயிற்சி பெற்று மீண்டார். உறுப்பிழந்தோர்க்கு மறுவாழ்வு அளிக்கும் நிலையம் அவருடைய முயற்சியால் 1966ஆம் ஆண்டில் வேலூரில் தோன்றியது. தம்மைப் போன்றார்க்கு வேண்டுவது யாது என்பதை அவரினும் நன்கறிந்தார் யாவர்? பலதிறத்தாரையும் கல்லூரியிற் சேர்த்தல் சேர்க்கப்பட்டார்க்கு மட்டும் நன்மையன்று. அவர் கையால் நலம் பெறுவார்க்கே பெருநன்மை.

ஐடா அம்மையார் இல்வாழ்வு மேற்கொள்ளவில்லை. தம் ஓய்வுக் காலத்தைக் கோடைக்கானல் மலையிற் கழித்து, 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கேயே, எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார். ஒற்றை அறையில் தொடங்கிய மருந்துச் சாலை, அவர் கண்மூடுமுன்னரே நாடெங்கணும் பெயர்பெற்ற மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்துவிட்டது. நம் வராக நதிக்கு ஊற்றாகிய பழனி மலைத்தொடரின் மேலேயே அவர் இறுதி மூச்சு நின்றது என்பது தேனி நாட்டார் நினைந்து போற்றற்குரியது.

இனி, நம் நாளைப் பற்றிச் சிறிது கூறி முடிக்கின்றோம். எம் பெற்றோர் காலத்தில் கடுநோயுற்றார்க்கு மதுரையே கதி. 2004ஆம் ஆண்டில் தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2020ஆம் ஆண்டில் தமிழக அரசு இயற்றிய சட்டம், அரசுப் பள்ளிகளிற் பயின்றார்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. அதனால் திராட்சைத் தோட்டத்திலும் ஏலக்காய் மலையிலும் கூலி வேலை செய்வோர் மக்களும் வெள்ளை அங்கி அணியும் நாள் வந்துளது. இது பெருமகிழ்ச்சிக்குரியது. ஆனால் அம்மையாரின் வரலாறு நம்மை இத்துடன் மகிழ்ந்து அமர விடவில்லை. உள்ளே புகுந்த மாணாக்கர் ஆங்கிலம் வராமையின் கூனிக் குறுகி நிற்பரேல், வாயில் திறந்தும் திறவாததே. உடன் பயில்வோர் அவரை வேறுபடுத்தி அமர்த்துவரேல், இருக்கை கிடைத்தும் இடம் கிடைத்திலது. அவர் பட்டம் பெற்றுப் பெருநகரையே நாடுவரேல், நீர் கடைமடைக்கு வந்திலது.

தமிழ்க் கலை பயிலும் எம்மனோர்க்கு வைத்தியர் ஒருவரின் வரலாறு எற்றுக்கு என்று அன்பர் சிலர் வினவலாம். நாளை நாம் ஆசிரியராவோம், சிலர் வழக்கறிஞராவர், சிலர் அரசாங்கப் பணி ஏற்பர். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு திண்டிவனத்து இரவு உண்டு. மனு எழுதத் தெரியாது அலுவலக வாயிலில் நிற்கும் முதியவளும், பாடம் விளங்காது பின்வரிசையில் வாய்மூடி இருக்கும் சிறுவனும், முறையிட அஞ்சி வழக்கைக் கைவிடும் கூலியாளும் நம்மை நோக்கி வருவர். அவர் வரும்போது கதவின் எப்பக்கத்தில் நாம் நிற்பது என்பதை இக்கல்லூரி நாட்களிலேயே முடிவு செய்தல் நம் கடன். நம் விடுதியில், நம் வகுப்பில், நம் அருகில் அமர்ந்திருக்கும் புதியவரோடு இன்றே பேசத் தொடங்குவோமாக.